காவலாளியே நஞ்சானால்...? கிருமியின் ரகசியம் கண்ட ஜாக் மோனோ

பாரிஸ் நகரம். 1943-ம் ஆண்டு.

எங்கு பார்த்தாலும் ஜெர்மன் சிப்பாய்கள். பிரெஞ்சு நாடு ஹிட்லரின் பிடியில் சிக்கி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. தெருவில் நடப்பவர்களை நிறுத்திச் சோதிப்பார்கள். சந்தேகம் வந்தால் சிறை. சிறைக்குப் போனவர்கள் திரும்பி வருவது நிச்சயம் இல்லை.

அந்த நகரில் சோர்போன் என்ற புகழ்பெற்ற சர்வகலாசாலை இருக்கிறது. அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடம். அதன் வாசலுக்கு வெளியே ஓர் ஒட்டகச்சிவிங்கி நின்றது. உயிருள்ளது அல்ல. மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்காக நிறுத்தி வைக்கப்பட்டது.

அந்த ஒட்டகச்சிவிங்கியின் கால் எலும்புகள் உள்ளே வெறும் குழல். குழலுக்குள் சில காகிதங்கள் இருந்தன. ஜெர்மனியரை எதிர்த்துப் போராடிய ரகசியப் படையின் காகிதங்கள்!

அவற்றை ஒளித்து வைத்தவர் யார்?

அவர் பகலில் கண்ணாடிக் குடுவையில் கிருமி வளர்ப்பவர். இரவில் ரகசியப் படையில் வேலை செய்பவர். பெயர் ஜாக் மோனோ.

ஒவ்வொரு கிருமிக்குள்ளும் காவலாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் இருந்தால்தான் கிருமி பிழைக்கும். ஆனால் அந்தக் காவலாளிகளே சில சமயம் கிருமிக்கு எமனாகி விடுவார்கள்! இந்த அதிசயத்தை உலகம் அறிய வழி திறந்தவர்களில் முதன்மையானவர் மோனோ. அதற்காக 1965-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

அவருடைய கதையைக் கேளுங்கள்.

ஓவியர் மகன்

ஜாக் மோனோ 1910-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை லூசியன் மோனோ ஓர் ஓவியர். படம் எழுதுவது தொழில் என்றாலும், புத்தகம் படிப்பதில் அவருக்கு அளவில்லாத ஆசை. உயிர்கள் எப்படித் தோன்றின, எப்படி மாறின என்று டார்வின் எழுதியவற்றைப் படித்து, மகனுக்கும் சொல்லிக் கொடுத்தார். தாயார் அமெரிக்க நாட்டுப் பெண்மணி.

மோனோவுக்கு ஏழு வயதானபோது குடும்பம் தெற்கே கான் நகருக்குக் குடிபோயிற்று. அது நீலக் கடல் ஓரத்தில் உள்ள அழகிய ஊர். அங்கேதான் அவர் பள்ளியில் படித்தார்.

சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கியது. ஒரு கால் மெலிந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் மூலையில் முடங்கியிருப்பார். மோனோ முடங்கவில்லை. மலைப் பாறைகளில் ஏறினார். கடலில் பாய்மரப் படகு செலுத்தினார். செல்லோ என்ற பெரிய தந்தி வாத்தியத்தை வாசிக்கக் கற்றார்.

1928-ம் ஆண்டில் மேற்படிப்புக்காகப் பாரிஸ் வந்தார். 1931-ல் பட்டம் பெற்றார். ஆனாலும் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. விஞ்ஞானமா, சங்கீதமா? பாட்டுக் குழு ஒன்றை அமைத்து, அதை நடத்தி வந்தார். சங்கீதத்தையே தொழிலாகக் கொள்ளலாமா என்றும் எண்ணினார்.

தப்பிய உயிர்

1934-ம் ஆண்டில் ஒரு விஞ்ஞானக் கப்பலில் ஏறிப் பனி மூடிய கிரீன்லாந்துக்குப் போய் வந்தார். 1936-ல் மறுபடியும் அதே கப்பலில் போவதாக இருந்தது.

அந்தச் சமயத்தில் போரிஸ் எப்ருசி என்ற விஞ்ஞானி குறுக்கே வந்தார். பரம்பரைக் குணங்களைப் பற்றிய ஆராய்ச்சிதான் இனி உலகை ஆளப் போகிறது, அதைக் கற்க அமெரிக்காவுக்கு வாருங்கள் என்று அவர் வற்புறுத்தி அழைத்துச் சென்றார். மோனோ கலிபோர்னியாவுக்குப் போனார்.

1936-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி, அந்தக் கப்பல் ஐஸ்லாந்து கரைக்கு அருகே புயலில் சிக்கிப் பாறையில் மோதி உடைந்தது. கப்பலில் இருந்தவர்களில் ஒரே ஒருவர்தான் உயிர் தப்பினார்!

மோனோ அதில் போயிருந்தால்...?

1938-ம் ஆண்டில் ஓடெத் என்ற பெண்ணை மணந்தார். அவர் பழைய கலைப் பொருள்களை ஆராய்வதில் வல்லவர். திபெத்து, நேபாளக் கலைகளை நன்கு அறிந்தவர். அடுத்த ஆண்டு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள்.

அதே ஆண்டில்தான் உலகப் போரும் பிறந்தது.

சோறும் நெல்லும்

1940-ம் ஆண்டு பாரிஸ் விழுந்தது. குண்டும் பஞ்சமும் ஒரு பக்கம். மறு பக்கம் மோனோ தம் குடுவைகளோடு உட்கார்ந்திருந்தார்.

அவர் செய்தது மிகச் சாதாரணமான வேலை. நம் குடலில் ஈ. கோலை என்ற கிருமி வாழ்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இந்தக் கிருமிகள் ஐந்நூறை வரிசையாகப் படுக்க வைக்கலாம். அவ்வளவு சிறியது. நல்ல தீனி கிடைத்தால் இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகும்.

அதற்கு மோனோ சர்க்கரை கொடுத்தார். ஒரு குடுவையில் இரண்டு விதச் சர்க்கரைகளைக் கலந்தார். ஒன்று குளுக்கோஸ். மற்றொன்று பாலில் உள்ள லாக்டோஸ்.

என்ன நடந்தது?

கிருமிகள் மளமளவென்று பெருகின. பிறகு திடீரென்று நின்றுவிட்டன! கொஞ்ச நேரம் அசைவே இல்லை. அப்புறம் மறுபடி பெருகத் தொடங்கின.

இது என்ன புதிர்?

ஒரு வீட்டில் பானை நிறையச் சோறும் இருக்கிறது, குதிர் நிறைய நெல்லும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பசித்தவர்கள் எதை முதலில் எடுப்பார்கள்? சோற்றைத்தான்! சோறு தீர்ந்த பிறகுதான் உரலையும் உலக்கையையும் தேடுவார்கள். நெல்லைக் குத்தி அரிசியாக்கி உலையில் போடும் வரை பட்டினிதான்.

கிருமியும் அப்படியே செய்தது. குளுக்கோஸ் அதற்குச் சோறு. லாக்டோஸ் நெல். நெல்லைக் குத்த உலக்கை வேண்டும். லாக்டோஸை உடைக்க என்சைம் என்ற புரதம் வேண்டும். குளுக்கோஸ் தீர்ந்த பிறகுதான் கிருமி அந்த என்சைமைச் செய்தது. அந்த இடைவேளைதான் மோனோ கண்ட மௌனம்.

இந்தக் கோட்டுப் படத்தை மோனோ, பாஸ்டர் நிலையத்தில் இருந்த ஆந்திரே லூவாப் என்ற மூத்த விஞ்ஞானியிடம் காட்டினார். லூவாப்தான் இதில் என்சைமின் விளையாட்டு இருக்கலாம் என்று வழி காட்டினார்.

1941-ம் ஆண்டில் மோனோ இதை எழுதி டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் சர்வகலாசாலைப் பெரியவர்களுக்கு இந்த வேலை ருசிக்கவில்லை. கிருமி சர்க்கரை தின்பதில் என்ன அதிசயம் என்று நினைத்தார்கள்.

அந்தச் சிறு மௌனத்துக்குள் ஒரு பெரிய கேள்வி இருந்தது. உலக்கையை எப்போது செய்யவேண்டும், எப்போது செய்யக்கூடாது என்று கிருமிக்குச் சொல்வது யார்?

ரகசியப் படையில்

கேள்வி காத்திருந்தது. நாடு காத்திருக்க முடியவில்லை.

மோனோ ரகசியப் படையில் சேர்ந்தார். முதலில் ரகசியப் பத்திரிகைகளைப் பரப்பும் வேலை. பிறகு ஆயுதம் ஏந்திப் போராடும் பிரிவு. மாலிவெர் என்பது அவருடைய மாற்றுப் பெயர்.

அவருக்கு ஆபத்து இரட்டிப்பு. மனைவி ஓடெத் யூத வம்சத்தைச் சேர்ந்தவர். யூதர்களைக் குழந்தை என்றும் பாராமல் ரயிலேற்றிக் கொல்லும் முகாமுக்கு அனுப்பிய காலம் அது.

1944-ம் ஆண்டில் சர்வகலாசாலையில் அவரோடு ரகசிய வேலை செய்த ஒருவர் பிடிபட்டார். இனி சோர்போனில் கால் வைக்க முடியாது. மோனோ தம் ஆராய்ச்சிக் கூடத்தை விட்டுப் போனார். அப்போது லூவாப் தம் கூடத்தில் இடம் கொடுத்தார். ரகசியப் படையின் வேலைகளுக்கு நடுவே, கிடைத்த நேரத்தில் அங்கே வந்து குடுவைகளைக் கவனித்தார்.

நாடு முழுவதும் இருந்த ரகசியப் படைகள் ஒன்றாக இணைந்தன. அதன் தலைமையகத்தில் போர்த் திட்டம் வகுக்கும் பிரிவுக்கு மோனோ தலைவரானார். ரயில் பாதையைத் தகர்ப்பது, எதிரியின் தபாலைப் பறிப்பது, வேலை நிறுத்தம் நடத்துவது எல்லாம் அவர் பொறுப்பில் வந்தன. ஆகஸ்ட் 25-ந் தேதி பாரிஸ் விடுதலை அடைந்தது.

பிறகு அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் அதிகாரியாக இருந்தார். அப்போது அமெரிக்கப் பட்டாளத்தின் நடமாடும் புத்தகசாலை ஒன்று கண்ணில் பட்டது. அதில் சில விஞ்ஞானச் சஞ்சிகைகள். அமெரிக்காவில் ஏவரி என்பவரும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரை ஒன்றை அங்கே படித்தார். பரம்பரைக் குணங்களைத் தாங்கி நிற்பது டி.என்.ஏ. என்ற ரசாயனப் பொருள் என்று அது காட்டியது.

போர்முனையில் படித்த அந்தக் கட்டுரை அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

பரண் அறையில் மூவர்

1945-ம் ஆண்டில் மோனோ பாஸ்டர் நிலையத்தில் சேர்ந்தார். வெறிநாய்க்கடிக்கு ஊசி கண்ட லூயி பாஸ்டர் தொடங்கிய நிலையம் அது.

லூவாப்பின் ஆராய்ச்சிக்கூடம் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. கூரைக்கு அடியில் பரண் போன்ற இடம். நடைபாதையின் ஒரு கோடியில் மோனோ. மறு கோடியில் லூவாப்.

1950-ம் ஆண்டில் பிரான்சுவா ஜேக்கப் என்ற இளைஞர் அங்கே வந்தார். அவர் சர்ஜன் ஆக விரும்பியவர். போரில் நார்மண்டியில் குண்டு பட்டுக் கடுமையான காயம் அடைந்தார். கத்தி பிடிக்கும் தொழில் இனி முடியாது என்றாயிற்று. ஆராய்ச்சிக்கு வந்தார்.

லூவாப் ஆராய்ந்தது கிருமியைக் கொல்லும் கிருமி! பாஜ் என்று அதற்குப் பெயர். அது பாக்டீரியாவுக்குள் புகுந்து, பெருகி, அதை வெடிக்கச் செய்யும். சில சமயம் உள்ளே புகுந்து, சத்தம் இல்லாமல் தூங்கும். பல தலைமுறை கடந்தும் தூங்கும். புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் விழித்துக்கொள்ளும். உடனே பாக்டீரியா வெடித்துச் சாகும்.

பாஜைத் தூங்க வைப்பது யார்? லூவாப்பின் கேள்வி அது.

உலக்கையைச் செய்யாமல் தடுப்பது யார்? மோனோவின் கேள்வி அது.

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றே என்று அப்போது யாருக்கும் தெரியாது.

திருடனும் காவலாளியும்

ஜேக்கப்பும் எலி வோல்மான் என்ற விஞ்ஞானியும் ஒரு சோதனை செய்தார்கள்.

பாக்டீரியாவில் ஒன்று மற்றொன்றுக்குத் தன் டி.என்.ஏ.வைக் கொடுப்பது உண்டு. கொடுக்கும் பாக்டீரியாவுக்குள் பாஜ் தூங்குகிறது. வாங்கும் பாக்டீரியாவுக்குள் பாஜ் இல்லை. டி.என்.ஏ. போகும்போது தூங்கும் பாஜும் கூடவே போயிற்று. போன உடனே விழித்துக்கொண்டது. வாங்கிய பாக்டீரியா செத்தது!

பழைய வீட்டில் சாதுவாகத் தூங்கியவன், புது வீட்டில் ஏன் கொலைகாரன் ஆனான்?

பழைய வீட்டில் காவலாளி இருந்தான். புது வீட்டில் காவலாளி இல்லை. திருடன் மட்டும் குடிபோனான். காவலாளி கூடப் போகவில்லை.

1957-ம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஆர்தர் பார்டி என்பவரும் மோனோவும் ஜேக்கப்பும் சேர்ந்து இதே முறையில் உலக்கையைச் சோதித்தார்கள். லாக்டோஸ் என்சைமைச் செய்யவும் தெரியாத, அதைத் தடுக்கவும் தெரியாத பாக்டீரியாவுக்குள் இரண்டுக்கும் உரிய ஜீன்களை அனுப்பினார்கள். ஜீன் என்பது டி.என்.ஏ.வில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு. ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று அது சொல்லும்.

குடுவையில் லாக்டோஸ் துளியும் இல்லை. அப்படியும் என்சைம் உடனே உண்டாகத் தொடங்கியது! ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதும் தானாகவே நின்றது.

மோனோ அதுவரை வேறு விதமாக நினைத்து வந்தார். லாக்டோஸ் வந்து, செய் என்று கட்டளை இடுகிறது; அதனால் என்சைம் உண்டாகிறது என்பது அவர் எண்ணம். பல ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த எண்ணம். சோதனையோ நேர் எதிராகப் பேசியது. கட்டளை தேவையே இல்லை. சும்மா விட்டால் கிருமி என்சைமைச் செய்துகொண்டே இருக்கும். செய்யாதே என்று தடுப்பவன் ஒருவன் இருக்கிறான். அவன் புது வீட்டில் உருவாகி வேலைக்கு வர ஒரு மணி நேரம் பிடித்தது. அவ்வளவுதான்!

மோனோ தம் பழைய எண்ணத்தைக் கைவிட்டார். தாம் கட்டிய வீட்டைத் தாமே இடிப்பது எவ்வளவு கடினம் என்பது கட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

1958-ம் ஆண்டு ஜூலை மாதக் கடைசி. ஜேக்கப் ஒரு நாள் மனைவியோடு சினிமா பார்க்கப் போனார். மனம் படத்தில் இல்லை. இருட்டில் கண்ணை மூடியிருந்தபோது பொறி தட்டியது. பாஜைத் தூங்க வைக்கும் காவலாளியும், உலக்கையைத் தடுக்கும் காவலாளியும் ஒரே ஜாதி! இருவரும் நேராக டி.என்.ஏ. மீதே உட்கார்ந்து காவல் காக்கிறார்கள்!

விடுமுறை முடிந்து செப்டம்பரில் மோனோ திரும்பினார். முதலில் நம்பவில்லை. வாதாடினார்கள். கரும்பலகையில் எழுதினார்கள், அழித்தார்கள். கடைசியில் ஒப்புக்கொண்டார்.

1961-ம் ஆண்டில் இருவரும் சேர்ந்து எழுதிய பெரிய கட்டுரை வெளிவந்தது. உயிர் நூலில் புது அத்தியாயம் தொடங்கியது.

காவல் நடப்பது எப்படி?

லாக்டோஸ் வேலைக்கு உரிய ஜீன்கள் டி.என்.ஏ.வில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் ஒரு வாசல். வாசலில் காவலாளி உட்கார்ந்துவிட்டால் ஜீனைப் படிக்க யாரும் உள்ளே போக முடியாது.

லாக்டோஸ் வந்தால், அதிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் காவலாளியைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் காவலாளியின் உருவம் மாறும். கை நழுவும். வாசல் திறக்கும். என்சைம் ஆயிரம் மடங்கு பெருகும். லாக்டோஸ் தீர்ந்ததும் காவலாளி மறுபடி வாசலில் உட்காருவான்.

1966-ம் ஆண்டில் அமெரிக்காவில் வால்டர் கில்பர்ட், பென்னோ முல்லர்-ஹில் என்ற இருவர் அந்தக் காவலாளியைத் தனியே பிரித்து எடுத்தார்கள். அது ஒரு புரதம். ஒரு கிருமிக்குள் அது சுமார் பத்துத்தான் இருந்தது!

இத்தனை கட்டுப்பாடு ஏன்? வேண்டாத புரதத்தைச் செய்தால் தீனி வீண், நேரம் வீண். அப்படி வீணடிக்கும் கிருமி, சிக்கனமான கிருமியோடு போட்டி போட முடியாமல் பின்தங்கிவிடும்.

காவலாளி கெட்டால்...

காவலாளி சரியாக இருக்கும் வரை நல்லது. கெட்டுவிட்டால்?

மோனோவின் கூடத்திலேயே ஒரு விசித்திரக் கிருமி கிடைத்தது. அதன் காவலாளிக்குக் காது செவிடு போல ஆகிவிட்டது. லாக்டோஸ் வந்து எவ்வளவு தட்டினாலும் அவன் எழுந்திருக்க மாட்டான். சுற்றிலும் பால் சர்க்கரை. கிருமிக்கோ பட்டினி! லாக்டோஸ் ஒன்றே உணவு என்றால் அது வளராது. காவலுக்கு வைத்த புரதமே கழுத்தைப் பிடித்துவிட்டது. 1964-ம் ஆண்டில் இதை அவர்கள் வெளியிட்டார்கள்.

காவலாளி அடியோடு இல்லாவிட்டால்? அதிலும் ஆபத்து உண்டு. வாசல் எப்போதும் திறந்தே கிடக்கும் கிருமிகளைத் திடீரென்று லாக்டோஸ் மிகுந்த இடத்தில் விட்டால், சர்க்கரை வெள்ளம்போல் உள்ளே பாய்ந்து அவற்றில் பல செத்துப் போகும். அமெரிக்க விஞ்ஞானிகள் 1978-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள்.

காவலாளிகள் அளவுக்கு மேல் கூடினால்? அதுவும் சாவுதான்! ஈ. கோலைக் கிருமியில் எச்-என்.எஸ். என்று ஒரு புரதம் உண்டு. அது டி.என்.ஏ.வின் பல இடங்களில் உட்கார்ந்து பல ஜீன்களை அடக்கி வைக்கும். அதை அளவுக்கு மீறிச் செய்யவைத்தால் கிருமி மடிந்துவிடுகிறது என்று 1992-ல் காட்டினார்கள். வீட்டின் எல்லாக் கதவையும் பூட்டிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர்கள் சொன்னது கிருமிக்கும் பொருந்துகிறது!

இன்னும் ஒரு விந்தை. சில கிருமிகளுக்குள் இரண்டு புரதங்கள் ஜோடியாக இருக்கின்றன. ஒன்று விஷம். மற்றது விஷ முறிவு. இரண்டும் கட்டிப் பிடித்திருக்கும் வரை ஆபத்து இல்லை. அந்த ஜோடியே தங்களைச் செய்யும் ஜீனின் வாசலில் உட்கார்ந்து காவலும் காக்கும். ஆனால் முறிவு சீக்கிரம் சிதைந்துவிடும். விஷம் நெடுநேரம் நிற்கும். இந்த ஜோடியின் ஜீன்கள் கிருமியைவிட்டுத் தொலைந்தால் புது முறிவு வராது. முறிவு இருந்தவரை காவல் காத்த அதே விஷம் கிருமியைக் கொன்றுவிடும். 1983-ம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகள் இருவர் இப்படிப்பட்ட ஜோடி ஒன்றைக் கண்டார்கள்.

மருந்துக்கு அஞ்சாத கிருமிகளிலும் காவலாளி உண்டு. டெட்ராசைக்ளின் மருந்தை வெளியே தள்ளும் பம்பு போன்ற புரதம் ஒன்றைச் சில கிருமிகள் வைத்திருக்கின்றன. மருந்து வரும்போது மட்டுமே காவலாளி வாசலைத் திறப்பான். பம்பு அளவுக்கு மேல் பெருகினால் அந்தக் கிருமியே சாகும்! எந்த ஆயுதத்தையும் உறையில் வைக்கத் தெரியவேண்டும் அல்லவா?

உண்மைக்காக

மோனோ குடுவையோடு நின்றவர் அல்ல.

போர்க் காலத்தில் அவர் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து போராடியவர். ஆனால் ரஷ்யாவில் லைசென்கோ என்பவர் ஜீன் என்பதே பொய் என்று சாதித்தார். ஸ்டாலின் அதை ஏற்றார். மறுத்த விஞ்ஞானிகள் வேலை இழந்தார்கள். சிலர் சிறையில் வாடினார்கள். 1948-ம் ஆண்டில் மோனோ பாரிஸ் பத்திரிகை ஒன்றில் லைசென்கோவைக் கண்டித்து எழுதினார். பழைய தோழர்கள் பலர் பகைத்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

ஹங்கேரி நாட்டில் ஆக்னஸ் உல்மான் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவரும் அடக்குமுறையில் சிக்கித் தவித்தார்கள். மோனோ ரகசியமாக ஏற்பாடு செய்து, 1960-ம் ஆண்டில் ஒரு வண்டிக்குள் மறைத்து அவர்களை எல்லை தாண்டச் செய்தார். பழைய மாலிவெர் இன்னும் சாகவில்லை!

அந்த உல்மான் பாஸ்டர் நிலையத்தில் அவரோடு வேலை செய்தார். சோறு இருக்கும்போது கிருமி ஏன் உலக்கையைத் தொடுவதில்லை என்ற பழைய புதிரில் பாக்கி இருந்த முடிச்சை 1968-ல் இருவரும் சேர்ந்து தளர்த்தினார்கள். கிருமிக்குப் பசி வந்தால் உள்ளே ஒரு ரசாயனப் பொருள் மணி அடிப்பதுபோல் அறிவிக்கிறது. காவலாளி விலகினால் மட்டும் போதாது, அந்த மணியும் அடிக்கவேண்டும்!

பரிசும் பொறுப்பும்

1965-ம் ஆண்டு அக்டோபர் மாதம் நோபல் பரிசுச் செய்தி வந்தது. லூவாப், ஜேக்கப், மோனோ மூவருக்கும் பங்கு. முப்பது ஆண்டுகளாக விஞ்ஞானத்தில் நோபல் பரிசு காணாத பிரெஞ்சு நாடு கொண்டாடியது.

1968-ம் ஆண்டு மே மாதம் பாரிஸ் மாணவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். போலீசார் தடியோடு பாய்ந்தார்கள். நோபல் பரிசு பெற்ற பேராசிரியர் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. தெருவுக்குப் போய்க் காயம்பட்ட மாணவர்களுக்கு உதவினார்.

1970-ம் ஆண்டில் உயிரின் தோற்றம் பற்றித் தம் கருத்துகளை ஒரு நூலாக எழுதினார். தற்செயலும் தேவையும் என்பது தலைப்பின் பொருள். கடினமான அந்த நூல் நாவல்போல் விற்றது. அதை மறுத்தவர்களும் பலர். படிக்காதவர்கள் குறைவு.

1971-ம் ஆண்டில் பாஸ்டர் நிலையத்தின் தலைவர் ஆனார். நிலையம் பணமுடையில் தவித்த காலம். சோதனைக் குடுவையை விட்டுக் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். செலவைக் குறைக்கும்போது கோபம் வரத்தான் செய்யும். அதையும் தாங்கினார்.

1972-ல் மனைவி ஓடெத் இறந்தார். பிறகு மோனோவையும் இரத்த நோய் பற்றிக்கொண்டது. கடைசியில் சிறுவயதில் படகு ஓட்டிய கான் நகருக்கே போனார். 1976-ம் ஆண்டு மே மாதம் 31-ந் தேதி அங்கே உயிர் நீத்தார். அவருக்கு வயது 66.

நம் வீட்டு வரை

கிருமியின் காவலாளியைக் கண்டதால் நமக்கு என்ன லாபம் என்று கேட்கலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசியை நினைத்துப் பாருங்கள். முன்பு அதை மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1978-ம் ஆண்டில் ஈ. கோலைக் கிருமியையே மனித இன்சுலின் செய்ய வைத்தார்கள். அதற்கு எந்த வாசலைப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? மோனோ ஆராய்ந்த அதே லாக்டோஸ் வாசலைத்தான்! 1982-ல் அந்த இன்சுலின் கடைக்கு வந்தது.

கிருமியிடம் வேற்றுப் புரதம் செய்யச் சொல்லும்போது முதலிலேயே வாசலைத் திறந்துவிடக்கூடாது. புரதம் சேர்ந்தால் கிருமி நலிந்துவிடும். சில புரதங்கள் அதைக் கொன்றும்விடும். ஆகையால் முதலில் காவலாளியை உட்கார வைத்துக் கிருமிகளை நன்றாகப் பெருக விடுவார்கள். போதிய அளவு பெருகிய பிறகு காவலாளியை விலக்குவார்கள். உலகெங்கும் ஆராய்ச்சிக்கூடங்களில் இன்று நாள்தோறும் நடக்கும் வேலை இது.

குண்டு விழுந்த நகரில், பிடிபட்டால் சாவு என்ற நிலையில், இரண்டு சர்க்கரைகளைக் கலந்து வைத்துவிட்டுக் கிருமி எப்போது நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு மனிதர். சோர்போன் பெரியவர்களுக்கு அது வீண் வேலையாகப் பட்டது. இன்று எத்தனையோ குடும்பங்களில் காலையில் போட்டுக்கொள்ளும் ஊசிக்கு வழி காட்டியது அந்த வேலைதான்.